காந்த இழை எங்கே வளையும், ஏன் வளையும்?

பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து உள்ளே இருக்கும் வட்டக் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டித் தெருமண்ணில் இழுத்துக்கொண்டு போன காலம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாகத் தூள் அப்பியிருக்கும். இரும்புத்தூள் என்றுதான் சொல்வோம். உண்மையில் அதில் பெரும்பகுதி மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு. அந்தத் தூள் சேறு மாதிரி அப்பி நிற்காது. முள்ளம்பன்றியின் முள் போலக் குத்திட்டு நிற்கும். விரலால் தடவினால் சாயும், விரலை எடுத்ததும் எழும். காந்தத்தின் ஓரத்தில் அந்த முட்கள் வெளிப்பக்கமாக வளைந்தே நிற்கும்.

ஒவ்வொரு முள்ளும் ஒரு சங்கிலி. ஒரு துகள் மேல் இன்னொரு துகள், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கி நிற்கிறது. காந்தத்தை விட்டுப் பிரித்து எடுத்தால் முள் கிடையாது, தூள்தான். சரி, அந்தத் துகள்களை ரப்பர் மாதிரி ஏதோ ஒன்றால் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால்? காந்தத்தை எடுத்த பிறகும் அது இழையாகவே இருக்கும். வளையும், நிமிரும், காந்தத்துக்குப் பதில் சொல்லும். அதுதான் நெகிழும் காந்த இழை. இந்த இழையைக் காந்தப்புலத்தில் வைத்தால் என்ன வடிவம் எடுக்கும், ஏன் அந்த வடிவம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சமன்பாடு வேண்டாம். ஒரே ஒரு விகிதத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

காந்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இழுப்பது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்வது, குண்டூசியை இழுப்பது எல்லாம் அதுதான். ஆனால் காந்தப்புலம் ஓரிடத்தில் வலுவாகவும் பக்கத்தில் வலுக் குறைந்தும் இருந்தால்தான் இழுப்பு வரும். புலம் எல்லா இடத்திலும் ஒரே வலுவில், ஒரே திசையில் இருந்தால் அது எதையும் எந்தப் பக்கமும் இழுக்காது. திருப்ப மட்டுமே செய்யும். தக்கையின் மேல் காந்த ஊசியை வைத்து அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊசி வடக்கு நோக்கித் திரும்பும்; ஆனால் வடக்குப் பக்கமாக நகர்ந்து போய்ப் பாத்திரத்தின் விளிம்பில் முட்டாது. ஊசியின் வட முனையில் ஒரு இழுப்பு, தென் முனையில் அதே அளவு எதிர் இழுப்பு. இரண்டும் கழிந்துபோய்த் திருப்பு விசை மட்டும் மிஞ்சுகிறது.

ஆய்வுக்கூடத்தில் காந்த இழையைப் படிப்பவர்கள் இப்படிப்பட்ட சீரான புலத்தைத்தான் விரும்புவார்கள். இரண்டு கம்பிச்சுருள்களை எதிரெதிரே வைத்து, நடுவில் இழையைப் போடுவார்கள். இழுப்பு என்ற தொல்லை இல்லாமல் திருப்பத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க, நான் வேறு விதமாகச் சொல்லும் இடம் தவிர, சீரான புலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கேள்வி இப்படி வரும்: திருப்ப மட்டுமே தெரிந்த ஒன்று இழையை எப்படி வளைக்கிறது?

இழையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மனதில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டித் திசைகாட்டி ஊசி. ஒவ்வொன்றும் தன் போக்கில் புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கிறது. ஆனால் பக்கத்துத் துண்டோடு ஒட்டியிருக்கிறது. நான் திரும்பினால் நீயும் திரும்ப வேண்டும். நீ திரும்பவில்லை என்றால் நம் இருவருக்கும் நடுவே வளைவு விழும். வளைவு விழுந்தால் அதை நிமிர்த்த இழையின் விறைப்பு போராடும். இழையின் இறுதி வடிவம் இந்த இழுபறியில் கிடைக்கும் சமரசம்தான்.

ஈர்க்குக் குச்சியும் நீளமும்

விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தடித்த முனையைப் பிடித்துப் படுக்கைவசமாக நீட்டிப் பாருங்கள். நுனி தொங்கும். அதையே ஒடித்துப் பத்து சென்டிமீட்டர் துண்டை மட்டும் நீட்டினால் ஆணி மாதிரி நேராக நிற்கும். ஈர்க்கு மாறவில்லை, புவியீர்ப்பும் மாறவில்லை. நீளம் மட்டும்தான் மாறியது.

காந்த இழையும் இப்படித்தான். ஒரு முனையை இறுகப் பிடித்துவிட்டு, இழைக்குக் குறுக்கே சாய்வாகப் புலத்தைக் கொடுப்போம். பிடித்த முனையை இழையின் அடி என்று சொல்லலாம். இழையின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சின்னத் திருப்பு விசையைத் தருகிறது. இழை இரண்டு மடங்கு நீளமானால் அடியில் வந்து சேரும் மொத்தத் திருப்பமும் இரண்டு மடங்கு. அது மட்டும் இல்லை. வளைவு என்பது நீளம் நெடுகச் சேர்ந்துகொண்டே போகும் விஷயம். நீளம் இரண்டு மடங்கு என்றால் அது சேரக் கிடைக்கும் தூரமும் இரண்டு மடங்கு. ஆக, நுனி எவ்வளவு திரும்புகிறது என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வளைவு சின்னதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு செல்லும்.

முன்பு சொன்ன விகிதம் இதுதான். மேலே காந்தத் திருப்பத்தின் வலுவும் நீளத்தின் வர்க்கமும். கீழே இழையின் வளைவு விறைப்பு. லாட்வியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஆந்த்ரேய்ஸ் ட்சேபெர்ஸ் 2003 முதல் இந்த இழைகளுக்கான கோட்பாட்டை வளர்த்தபோது மையத்தில் நின்றது இந்த எண். காந்த மீள்மை எண் என்று தமிழில் சொல்லலாம். எண் ஒன்றைவிட மிகச் சிறியது என்றால் இழை குச்சி மாதிரி நடந்துகொள்ளும். பிடிக்காமல் விட்டால் வளையாமல் அப்படியே மொத்தமாகத் திரும்பும். எண் பெரியது என்றால் நூல் மாதிரி நடந்துகொள்ளும்.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட இழைக்கும் குறிப்பிட்ட புலத்துக்கும் சொந்தமாக ஒரு நீளம் இருக்கிறது. அதற்கு வளைவு நீளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குத் திரும்ப இழைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதே அது. லாரி திரும்ப ரோட்டில் இடம் வேண்டுமல்லவா, அது போல. வளைவு நீளம் 10 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மைக்ரோமீட்டர் இழையால் திரும்பவே முடியாது, இடம் இல்லை. 100 மைக்ரோமீட்டர் இழையோ அடியில் ஒரு பத்து, இருபது மைக்ரோமீட்டருக்குள் திரும்பி முடித்துவிட்டு, மீதி நீளம் முழுக்கப் புலத்தின் திசையில் நேராக நிற்கும். நீளமான இழையில் வளைவு முழுக்கப் பரவியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வளைவு ஓரிடத்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. திடமான கம்பி என்றால் அதன் வளைவு விறைப்பு தடிமனின் நான்காம் படியில் ஏறும். இரண்டு மடங்கு தடித்த கம்பி பதினாறு மடங்கு விறைப்பு. ஆனால் அதில் அடங்கும் காந்தப் பொருள் நான்கு மடங்குதான் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைசியில் முக்கியமாவது நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம். ஒரே பொருளால் செய்த, ஒரே விகிதத்தில் மெலிந்த இரண்டு இழைகள், ஒன்று நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவு, இன்னொன்று கண்ணால் பார்க்கும் அளவு, ஒரே புலத்தில் ஒரே வடிவத்தில்தான் வளையும். முதல் தடவை இது புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எடைக்கு இந்தச் சலுகை கிடையாது. பெரிய பொருளைத்தான் எடை அதிகம் படுத்தும்.

இரண்டு ஜாதி இழைகள்

இதுவரை எல்லா இழையும் ஒன்று என்ற மாதிரி பேசிவிட்டேன். அது சரியில்லை. உள்ளே என்ன காந்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இழையின் நடத்தை அடியோடு மாறும்.

ஒரு வகையில் காந்தம் நிரந்தரமானது. பள்ளிப் பாடத்தில் ஃபெர்ரோ காந்தம் என்று படித்திருப்பீர்கள். இழைக்குத் தலை, வால் உண்டு. வட முனை ஒரு பக்கம், தென் முனை ஒரு பக்கம். புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காந்தம் அப்படியே இருக்கும்.

இன்னொரு வகையில் சொந்தக் காந்தம் கிடையாது. புலம் வந்தால் காந்தமாகும், போனால் மறந்துவிடும். பாரா காந்தம் இந்த இனம்தான், ஆனால் சாதாரணப் பாரா காந்தத்தின் வலு மிக அற்பம், இழை செய்ய ஆகாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. இரும்பு ஆக்ஸைடைச் சுமார் பத்து நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்) அளவு மணிகளாக்கினால், ஒவ்வொரு மணியும் நல்ல காந்தம்தான், ஆனால் மிகச் சின்னதாக இருப்பதால் சாதாரண அறை வெப்பமே அதன் திசையைக் கலைத்துக்கொண்டே இருக்கும். மொத்தத்தில் சராசரி பூஜ்யம். வெளியிலிருந்து புலம் வந்தால் எல்லாம் ஒரு பக்கம் திரும்பி வலுவான காந்தமாகும். இதற்கு சூப்பர்பாரா காந்தம் என்று பெயர். இந்த நானோ மணிகளை ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொதிந்து, ஒரு மைக்ரோமீட்டர் அளவுக் குண்டுமணியாக்கி விற்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் செல்லையும் டிஎன்ஏவையும் பிரித்தெடுக்கப் பயன்படுவதும் இந்த மணிதான். புலத்தை நிறுத்தியதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாது என்பதுதான் இதன் அருமை.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், புலத்தைத் தலைகீழாகத் திருப்பும்போது தெரியும்.

நிரந்தரக் காந்த இழைக்குப் புலம் திரும்பினால் பெரிய நெருக்கடி. நேற்றுவரை சரியாக இருந்த திசை இன்று நேர் எதிர்த் திசை. சூப்பர்பாரா இழைக்கு ஒன்றுமே ஆகாது. புலம் மாறினால் அதற்குள் இருக்கும் காந்தமும் கூடவே மாறிவிடும். அதற்குப் புலத்தின் கோடுதான் முக்கியம், அம்புக்குறி இல்லை. புலத்தின் வலுவை இரட்டிப்பாக்கினாலும் பதில் வேறு வேறு. நிரந்தரக் காந்தத்தில் திருப்பு விசை இரண்டு மடங்கு ஆகும். சூப்பர்பாராவில் புலம் முதலில் காந்தத்தை உண்டாக்க வேண்டும், அப்புறம் அதையே திருப்பவும் வேண்டும். இரண்டு வேலையும் இரட்டிப்பதால் விசை நான்கு மடங்காகும், மணிகள் காந்தத்தால் நிரம்பிவிடாதவரை.

சூப்பர்பாரா இழை ஏன் புலத்தோடு நீளவாக்கில் நிற்க விரும்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புலத்தில் காந்தமான இரண்டு மணிகள், புலத்தின் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் ஈர்க்கும். பக்கம் பக்கமாக இருந்தால் விலக்கும். அதே தூரத்தில், வரிசையாக நிற்பதில் கிடைக்கும் ஆற்றல் லாபம் பக்கம் பக்கமாக நிற்பதால் வரும் ஆற்றல் நஷ்டத்தைவிட இரண்டு மடங்கு. அதனால் மணிகள் ரயில் பெட்டி மாதிரி வரிசை கட்டும். ஸ்பீக்கர் காந்தத்தில் முள் எழுவதும் இதனால்தான்.

யு, எஸ்

இப்போது வேடிக்கையான இடத்துக்கு வருவோம். ஒரு நீளமான சூப்பர்பாரா இழை தண்ணீரில், கிழக்கு மேற்காக, நேராகக் கிடக்கிறது. எந்த முனையையும் யாரும் பிடிக்கவில்லை. தெற்கு வடக்காகப் புலத்தைக் கொடுக்கிறோம். அதாவது இழைக்குச் சரியாக 90 பாகை.

கணக்குப்படி அந்தக் கணத்தில் திருப்பு விசை பூஜ்யம். சூப்பர்பாரா இழைக்குத் திருப்பு விசை உச்சமாக இருப்பது 45 பாகையில்தான். 0-விலும் 90-லும் ஒன்றுமில்லை. ஆனால் 90-இல் இருக்கும் சமநிலை பென்சிலை அதன் கூர் முனையில் நிறுத்தியது போல. கொஞ்சம் அசைந்தால் போதும், விழும். தண்ணீரின் வெப்ப அதிர்வே அந்த அசைவைக் கொடுத்துவிடும்.

முனைகள்தான் முதலில் திரும்பும். நடுவில் இருக்கும் துண்டை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். முனைத் துண்டை ஒரு பக்கம் மட்டும்தான். அதோடு முழு இழையையும் சுழற்றுவதென்றால் நிறையத் தண்ணீரைத் தள்ள வேண்டும், நுனியை மட்டும் மடக்க அவ்வளவு வேண்டாம். சரி, கிழக்கு முனை வடக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு முனைக்கு இரண்டு வழி. தெற்கே திரும்பலாம், வடக்கேயும் திரும்பலாம். அதற்கு இரண்டும் ஒன்றுதான், கோடுதான் முக்கியம் என்றோமே.

தெற்கே திரும்பினால் இழை எஸ் எழுத்து மாதிரி ஆகும். இரண்டு முனையும் ஒரே சுற்றில் சுழல்வதால் நடுப்பகுதியையும் அதே பக்கம் திருப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் இழை தெற்கு வடக்காக நேராகிவிடும். கதை முடிந்தது.

வடக்கே திரும்பினால் யு எழுத்து. கொண்டை ஊசி மாதிரி. இப்போது இரண்டு கைகளும் புலத்தோடு நிற்கின்றன, இரண்டுக்கும் திருப்தி. அடியில் இருக்கும் வளைவு மட்டும்தான் கஷ்டப்படுகிறது. அது எந்தப் பக்கம் நிமிர நினைத்தாலும் ஒரு கையை 180 பாகை சுற்ற வேண்டும், அதற்கு நடுவில் குறுக்கே கிடக்கும் நிலையைத் தாண்ட வேண்டும், அதைப் புலம் விடாது. ஆக யு அப்படியே மாட்டிக்கொள்ளும். ஆற்றல் கணக்கில் நேரான இழைதான் உசிதம்; ஆனாலும் யு தன் பள்ளத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

இதே யு நிரந்தரக் காந்த இழையில் நிற்காது. தலையும் வாலும் உள்ள இழையை யு வடிவில் மடக்கினால் ஒரு கை புலத்தோடு, மறு கை புலத்துக்கு எதிர். எதிர்க் கை சும்மா இருக்குமா? சுற்றி வந்து நேராகிவிடும்.

யு-வில் இன்னொரு அழகு இருக்கிறது. அந்த வளைவு எவ்வளவு இறுக்கமானது என்பதை முடிவு செய்வது நாம் சொன்ன வளைவு நீளம். சூப்பர்பாரா இழையில் புலத்தை இரட்டித்தால் வளைவின் ஆரம் பாதியாகும். அதனால் ஒரு நுண்ணோக்கிப் படத்தை எடுத்து, யு-வின் அடி ஆரத்தை அளந்து, புலம் எவ்வளவு என்று தெரிந்தால், இழையின் விறைப்பைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பாரிஸில் உள்ள ஈஎஸ்பிசிஐ நிறுவன ஆய்வாளர்கள் 2003-இல் இதைத்தான் செய்தார்கள். மணிகளை இணைத்திருக்கும் மூலக்கூறுகள் எவ்வளவு விறைப்பானவை என்பதை அந்தக் கொண்டை ஊசிகளைப் பார்த்தே அளந்தார்கள். தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றின் விறைப்பை அது மடங்கும் விதத்திலிருந்தே கண்டுபிடிப்பது எவ்வளவு நேர்த்தியான வேலை!

நிரந்தரக் காந்த இழையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முனையைப் பிடித்துவிட்டு, இழையின் காந்தத்துக்கு நேர் எதிராகப் புலத்தைக் கொடுத்தால், புலம் குறைவாக இருக்கும்போது இழை நேராகவே நிற்கும். ஒரு எல்லையைத் தாண்டியதும் திடீரென்று ஒரு பக்கம் சாயும். தூணின் மேல் பாரம் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது பக்கவாட்டில் பிதுங்கி வளையும் அல்லவா, அதே விஷயம். 1744-இல் லியோன்ஹார்ட் ஆய்லர் மெல்லிய பட்டைகளின் வளைவுக்கு எழுதிய கணிதமே இங்கேயும் வருகிறது. எல்லையில் வரும் காந்த மீள்மை எண்கூட அதேதான், பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 2.47. பாரத்துக்குப் பதில் காந்தம், அவ்வளவுதான்.

நூலால் கோத்த மணிகள்

இந்த இழையை எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். பூ கட்டுவதைப் போல ஒவ்வொன்றாகக் கோக்க முடியாது. மணிகளைத் தண்ணீரில் போட்டுப் புலத்தைக் கொடுத்தால் அவையே வரிசை கட்டும். மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைப் பூசியிருப்பார்கள். தண்ணீரில் டிஎன்ஏ துண்டுகள் கலந்திருக்கும், அவற்றின் இரண்டு நுனியிலும் பயோட்டின் என்ற வைட்டமின். ஸ்ட்ரெப்டாவிடினும் பயோட்டினும் சேர்ந்தால் லேசில் பிரியாது. வரிசையாக நிற்கும் மணிகளுக்கு நடுவே டிஎன்ஏ பாலம் போட்டுவிடும். புலத்தை நிறுத்திய பிறகும் மணிமாலை கலையாது.

2005-இல் ரெமி டிரேஃபுஸ், ஜெரோம் பிபெட் முதலிய பாரிஸ் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்டோன் ஆகியோரோடு சேர்ந்து, இப்படிச் செய்த மணிமாலையின் ஒரு முனையை ஒரு சிவப்பு ரத்த அணுவில் கட்டினார்கள். ஒரு திசையில் நிலையான புலம், அதற்குக் குறுக்கே மாறி மாறி ஆடும் இன்னொரு புலம். வலு சில மில்லிடெஸ்லாவிலிருந்து பத்து மில்லிடெஸ்லா அளவு. நம்மைச் சுற்றியிருக்கும் பூமியின் புலத்தைப் போல சுமார் நூறு, இருநூறு மடங்கு. மாலை அலையடித்தது, ரத்த அணுவையும் கூட்டிக்கொண்டு நீந்தியது. நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் வேகம். மனிதர் செய்த முதல் நுண் நீச்சல்காரர் என்று அதைச் சொல்வார்கள்.

இதில் நீந்துவதுதான் பெரிய விஷயம், ஏன் என்று பார்க்கலாம். மைக்ரோமீட்டர் அளவில் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீர் இல்லை, தேன் மாதிரி. அங்கே சறுக்கிக்கொண்டு போவது கிடையாது; தள்ளுவதை நிறுத்திய கணமே நின்றுவிடும். எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-இல் வெளியான உரையில் இதிலிருந்து வரும் ஒரு முடிவை விளக்கினார். ஒரு சிப்பி தன் ஓட்டை மெதுவாகத் திறந்து வேகமாக மூடினாலும் அந்த உலகில் ஒரு அங்குலம்கூட முன்னேற முடியாது. திறக்கும்போது போன தூரத்தை மூடும்போது அப்படியே திரும்பி வந்துவிடும். வேகத்தால் பலன் இல்லை. முன்னேற வேண்டும் என்றால், அசைவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் அது வேறு அசைவாகத் தெரிய வேண்டும்.

விறைத்த குச்சி இப்படியும் அப்படியும் ஆடினால் சிப்பி கதைதான். நெகிழும் இழை அப்படி இல்லை. தண்ணீர் இழுத்துப் பிடிப்பதால் இழையின் ஒரு பகுதி முன்னாலும் இன்னொரு பகுதி சற்றுத் தாமதமாகவும் வரும். போகும்போது ஒரு வடிவம், வரும்போது வேறு வடிவம். அந்த வித்தியாசம்தான் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. ஆனால் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் எந்தப் பக்கம் போவது? ஒரு முனையில் கட்டிய ரத்த அணு அந்தச் சமச்சீரை உடைக்கிறது. வளைவுதான் இங்கே இயந்திரம். மிக விறைப்பாக இருந்தால் குச்சி, நகராது. மிக நெகிழ்வாக இருந்தால் அசைவு ஒரு ஓரத்திலேயே செத்துவிடும். நடுவில் ஓரிடத்தில்தான் நல்ல வேகம் கிடைக்கும்.

புலத்தைச் சுழற்றினாலும் இதே இழுபறி. மெதுவாகச் சுழற்றினால் இழை கொஞ்சம் பின்தங்கியபடி நேராகவே சுற்றும். வேகத்தைக் கூட்டினால் முனைகள் தண்ணீரில் மாட்டிக்கொண்டு பின்தங்கி எஸ் வடிவம் வரும். காரணம் எளிது: தண்ணீரின் தடை நீளத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது, காந்தத் திருப்பமோ நீளத்துக்கு நேராக மட்டும் ஏறுகிறது. ஒட்டாத மணிச் சங்கிலியாக இருந்தால் நடுவில் அறுந்துவிடும். ஒட்டிய சங்கிலி அறுவதற்குப் பதில் வளைகிறது.

சேற்றிலும் ரத்தக்குழாயிலும்

மனிதர்கள் செய்வதற்கு வெகு காலம் முன்பே இந்த மணிமாலை இருந்தது. 1975-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்துச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பிளேக்மோர், சில பாக்டீரியாக்கள் எப்போதும் ஒரே பக்கமாகவே நீந்துவதைக் கவனித்து எழுதினார். காந்தத்தை அருகில் கொண்டுவந்தால் அவை திசை மாறின. அவற்றின் உடலுக்குள் மேக்னடைட் படிகங்கள் சுமார் ஐம்பது, நூறு நானோமீட்டர் அளவில் மாலையாகக் கோத்து நிற்கின்றன.

காந்த மணிகளைச் சும்மா விட்டால் வரிசையாக நிற்பதைவிட வளைந்து வளையமாக மூடிக்கொள்வதும், கொத்தாகக் குவிவதும் அவற்றுக்கு எளிது. அப்படி மூடினால் பாக்டீரியாவின் திசைகாட்டி பாழ். அதைத் தடுக்க உள்ளே ஒரு விறைப்பு வேண்டும். 2006-இல் வெளியான ஆய்வுகள் அதைக் காட்டின: படிகங்கள் மாம்-கே என்ற புரதத்தாலான ஒரு நூலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. படிகத்தை நூலோடு சேர்த்து வைப்பதில் மாம்-ஜே என்ற இன்னொரு புரதத்துக்குப் பங்கு உண்டு. ஒரு இனத்தில் அதை நீக்கியபோது மாலை குலைந்து படிகங்கள் கொத்தாகக் குவிந்துவிட்டன. நாம் பேசிய விறைப்புக்கும் காந்தத்துக்குமான கணக்கை அந்த உயிர் தனக்காகத் தீர்த்து வைத்திருக்கிறது.

மறுமுனையில் மருத்துவம். அடைத்த மூளை ரத்தக்குழாய்க்குள் மருத்துவர் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கம்பியை நுழைத்துத் திருப்பங்களில் செலுத்த வேண்டியிருக்கிறது. கையால் முறுக்கி முறுக்கித்தான் நுனியைத் திருப்ப முடியும். 2019-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுவான்ஹே ஜாவோவின் குழு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில், நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த வலுவான காந்தத்தின் துகள் கலந்த நெகிழும் நுனி கொண்ட ஒரு கம்பியைச் செய்தது. மேலே வழுக்கும் ஹைட்ரோஜெல் பூச்சு. வெளியே ஒரு காந்தத்தை நகர்த்தினால் உள்ளே நுனி திரும்புகிறது. மூளை ரத்தக்குழாய்களைப் போலச் சிலிக்கோனில் செய்த மாதிரியில் அதை வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டினார்கள். இது நிரந்தரக் காந்த இழை. எவ்வளவு நீளத்துக்குக் காந்த நுனி வைப்பது என்று முடிவு செய்யும்போது, நீளத்தின் வர்க்கம் என்ற அதே கணக்குதான் மேசையில் இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி

நியோடிமிய உருண்டைகள் கோத்த பொம்மை மாலைகள் கடையில் கிடைக்கின்றன. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டு உருண்டைகளை விழுங்கினால் குடலின் சுவரை நடுவில் வைத்து நெரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. பழைய செய்தித்தாளும் ஸ்டேப்ளர் பின்னும் போதும்.

செய்தித்தாளில் விரல் அகலத்துக்கு, இருபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். அதில் பின்களை நீளவாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக, சின்ன இடைவெளி விட்டு அடியுங்கள். பின் விறைப்பு, நடுவில் இருக்கும் காகிதம் நெகிழ்வு. பாரிஸ்காரர்களின் மணியும் டிஎன்ஏவும் போல. மேசை விளிம்பில் ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு முனையைச் செருகிப் பட்டையைத் தொங்கவிடுங்கள்.

ஸ்பீக்கர் காந்தத்தை நுனிக்குப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நெருக்குங்கள். இந்தக் காந்தத்தின் புலம் சீரானது இல்லை, அதனால் திருப்பமும் இழுப்பும் சேர்ந்தே நடக்கும். புவியீர்ப்பு வேறு பட்டையை நேராக்கப் பார்க்கும். பரவாயில்லை. முதலில் நுனி லேசாகச் சாயும். இன்னும் நெருக்கினால் சாய்வு கூடும். ஒரு இடத்தில் படக்கென்று தாவி ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைத் திருப்பி மறு முகத்தைக் காட்டுங்கள். பட்டை அதே பக்கம்தான் வரும், ஏனென்றால் பின்னுக்குச் சொல்லும்படியான சொந்தக் காந்தம் இல்லை.

அது தாவிய தூரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பட்டையை அடியிலிருந்து பாதி நீளத்தில் வெட்டிவிடுங்கள். இப்போது அதே காந்தத்தை, நுனிக்கு நேராக, அதே தூரத்தில் வையுங்கள். பட்டை கொஞ்சம் அசையும், தாவாது. இன்னும் எவ்வளவு நெருக்கினால் தாவுகிறது என்று பாருங்கள்.